ரோமியோ ஜூலியட்: விதியா, அவசரமா?

(திரையில்: வெரோனா. இரவு. கல்லறை மண்டபத்துக்குள் ரோமியோ.)

ஜூலியட் செத்துவிட்டாள் என்று நம்பி வந்திருக்கிறான் ரோமியோ. ஆனால் அவள் உதடு சிவந்திருக்கிறது, கன்னமும் சிவந்திருக்கிறது. அது அவன் கண்ணிலும் படுகிறது. சாவு உன் அழகைத் தொடவே இல்லையே என்று வாய்விட்டே சொல்கிறான். அப்புறமும் விஷத்தைக் குடித்துவிடுகிறான். சில நிமிடங்கள் பொறுத்திருந்தால் அவள் கண் விழித்திருப்பாள்.

ஷேக்ஸ்பியரின் இந்த நாடகத்தை எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மனசு பதறும். இதை விதி என்று விட்டுவிட என்னால் முடியவில்லை.

(திரையில்: மேடை. திரை விலகுகிறது.)

விதி என்று சொல்லக் காரணம் இருக்கிறது. நாடகத்தின் முதல் 14 வரிகளிலேயே, இவர்கள் கிரகம் கூடாத காதலர்கள், சாகப்போகிறார்கள் என்று ஷேக்ஸ்பியர் சொல்லிவிடுகிறார். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட மூலக்கதையைப் பாருங்கள். ஆர்தர் புரூக் 1562இல் வெளியிட்ட அந்த நெடும்பாட்டில் கதை மாதக்கணக்கில் நகர்கிறது. ஷேக்ஸ்பியர் அதை ஞாயிறு முதல் வியாழன் விடியல் வரை என்று சுருக்கிவிட்டார். ஞாயிறு இரவு விருந்தில் சந்திப்பு, திங்களன்று கல்யாணம், அன்றைக்கே கொலை. ஜூலியட்டின் உறவினன் டிபால்ட்டைக் கொன்ற கையோடு, விதி என்னை ஆட்டிவைக்கிறதே என்று ரோமியோ கதறுகிறான். வாளை உருவியது அவன்தானே?

சரி, ஊரைவிட்டு விரட்டப்பட்ட ரோமியோவுக்குப் போய்ச் சேராத அந்தக் கடிதம்?

(திரையில்: வெளியிலிருந்து அடைக்கப்பட்ட ஒரு கதவு.)

ஜூலியட் குடித்தது செத்ததுபோல் தோன்றவைக்கும் 42 மணி நேர மயக்கத்துக்கான மருந்து என்ற சேதி அந்தக் கடிதத்தில் இருந்தது. அதைக் கொண்டுபோக வேண்டிய துறவியைக் கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. 1592 முதல் 1594 வரை பெரும்பாலான காலம் லண்டன் நாடக அரங்குகளே கொள்ளைநோயால் மூடிக் கிடந்தன. பார்க்க வந்தவர்களுக்கு அந்தப் பூட்டிய கதவு நன்றாகவே தெரியும்.

ஆனால் கடிதத்துக்கு இன்னொரு நாள் கிடைத்திருக்க வேண்டும். வீட்டார் பார்த்த மாப்பிள்ளை பாரிஸுடன் ஜூலியட்டின் கல்யாணம் முதலில் வியாழக்கிழமைக்குத்தான் குறித்திருந்தது. மாட்டேன் என்று அழுத மகளை, தெருவில் கிடந்து சாவு என்று திட்டிய அப்பா கபுலெட், அவள் சம்மதித்ததுபோல் நடித்ததும் சந்தோஷத்தில் அதைப் புதனுக்கு மாற்றிவிட்டார். அதனால் அவள் செவ்வாய் இரவே மருந்தைக் குடிக்க வேண்டியதாயிற்று. அவளுக்கு 14 வயதுகூட நிறையவில்லை.

(திரையில்: கல்லறைகளுக்கு நடுவே ஒரு விளக்கு ஆடி ஆடி வருகிறது.)

எனக்கு அதிகம் வலிப்பது, இருவருக்கும் ரகசியமாகக் கல்யாணம் செய்துவைத்து அந்த மருந்தையும் கொடுத்த பாதிரியார் லாரன்ஸின் கதைதான். வேகமாக ஓடுகிறவன் இடறுவான், நிதானமாகப் போ என்று ரோமியோவுக்குப் புத்தி சொன்னவர் அவர். கடைசி இரவில் அவரே அரக்கப்பரக்க ஓடிவருகிறார், கல்லறைகளில் கால் இடற இடற. அவர் வந்து சேர்ந்ததும் ஜூலியட் விழிக்கிறாள். என் கணவர் எங்கே என்றுதான் கேட்கிறாள். வா, கன்னியர் மடத்தில் சேர்த்துவிடுகிறேன் என்கிறார். அவள் அசையவில்லை. வெளியே காவலர்களின் சத்தம். இனி நிற்கப் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் போய்விடுகிறார்.

அவளைத் தடுக்க அங்கே யாரும் இல்லை. ரோமியோவின் குத்துவாள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.