நள்ளிரவில் கூடிய பாராளுமன்றம்

(யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, முன்னால் பாயில் இருக்கிற பிள்ளைகளே,

இந்த வெயிலில் ஐஸ் ஹொக்கியைப் பற்றிப் பேசப்போகிறேன். ரொறன்ரோவில் எங்கள் பிள்ளைகள் சறுக்குச் சப்பாத்துக் கட்டி விளையாடுவதை இங்கே பல வீடுகளில் தொலைபேசியில் பார்த்திருப்பீர்கள். பக்கத்துக்கு ஆறு பேர். இருபது இருபது நிமிடமாக மூன்று சுற்று. அவர்கள் அடிப்பது பந்து அல்ல, இறப்பர் வட்டு. பனியில் துள்ளாமல் வழுக்கிப் போகட்டும் என்று அதை முன்கூட்டியே உறைய வைப்பார்கள்.

இந்த விளையாட்டின் உலகச் சம்பியன்ஷிப் போட்டி நாலு வருசத்துக்கு ஒருமுறை வருவதல்ல, ஆண்டுதோறும் வருவது. இங்கே சோளகம் தொடங்குகிற மே மாதத்தில் பதினாறு நாடுகள் மோதும். அதே நேரத்தில் வட அமெரிக்காவில் பெரிய தொழில்முறைப் போட்டி நடப்பதால் பெயர்பெற்ற பலர் வருவதில்லை, ஆகையால் இதை இரண்டாந்தரம் என்பார் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடுகிற கிரிக்கெட், வடக்கின் பெருஞ்சமர், அதை எந்த நட்சத்திரத்துக்காகவா பார்க்கப் போகிறோம்?

1969ஐ எடுங்கள். முந்திய ஆகஸ்டில் செக்கோசிலோவாக்கியாவுக்குள் சோவியத் தாங்கிகள் புகுந்துவிட்டன. பிராக் நகரில் நடக்கவிருந்த போட்டி ஸ்டொக்ஹோமுக்கு மாறியது. அங்கே செக்கோசிலோவாக்கிய வீரர்கள் சிலர் தங்கள் சட்டைச் சின்னத்தில் இருந்த சிவப்பு நட்சத்திரத்தை நாடா ஒட்டி மறைத்துக்கொண்டு இறங்கினார்கள். சோவியத் அணியை ஒருதரம் 2-0, இன்னொருதரம் 4-3 என்று வென்றார்கள். அன்றிரவு பிராக் தெருக்களில் சனம் கொள்ளவில்லை. தங்கப் பதக்கம் என்னவோ சோவியத்துக்குத்தான் போனது. இருந்தும் அந்த ஆண்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த இரண்டு ஆட்டங்களைத்தான் பேசுகிறார்கள்.

இனி லத்வியா. நான் சொல்ல வந்ததே இந்தக் கதையைத்தான். இருபது லட்சம் பேர்கூட இல்லாத நாடு. 1933இலேயே இந்தப் போட்டியில் ஆடியவர்கள். பிறகு நாடே சோவியத்துக்குள் போனது. ரீகா நகரத்துப் பிள்ளை ஹெல்முட்ஸ் பால்டெரிஸ் எழுபதுகளில் உலகம் வியந்த ஆட்டக்காரர், ஆனால் அவர் போட்டது சோவியத் சட்டை. 1991இல் விடுதலை கிடைத்த பின் கீழ்ப் பிரிவில் இருந்து தொடங்கி, 1997இல் மேற்பிரிவுக்கு ஏறினார்கள். அதன்பிறகும் கால் நூற்றாண்டு, ஒரு பதக்கமும் இல்லை.

2023இல் ரீகாவும் பின்லாந்தின் தம்பரேயும் சேர்ந்து போட்டியை நடத்தின. காலிறுதியில் சுவீடனை வீழ்த்தினார்கள். அரையிறுதியில் கனடாவிடம் தோற்றார்கள். மே 28, தம்பரேயில் வெண்கலத்துக்கான ஆட்டம். எதிரே அமெரிக்கா. நேரம் முடிய 3-3. மேலதிக நேரத்தில் கிறிஸ்தியான்ஸ் ரூபின்ஸ் அடித்தார், வட்டு வலைக்குள் போய்விட்டது! பின்வரிசையில் நின்று காக்கிற ஆள் அவர், பிள்ளைகளே.

வெண்கலம்தான், மூன்றாமிடம். அந்த இரவே லத்வியப் பாராளுமன்றம் நள்ளிரவை ஒட்டி அவசரமாகக் கூடியது. ஒரேயொரு காரியத்துக்கு ஒரு சட்டம் நிறைவேற்றிவிட்டுக் கலைந்தது. விடிந்தால் திங்கட்கிழமை. நாடு முழுக்க விடுமுறை.