அக்ராவிலிருந்து வந்த கோல்கீப்பர்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் எட்லிங்டன் என்று ஓர் ஊர். நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊர். 1930 டிசம்பரில் அங்கே ஒரு சுரங்கத் தொழிலாளியைப் புதைத்தார்கள். வயது 65. கையில் காசில்லாமல் இறந்தவர்; அதனால் கல்லறையில் பேர் பொறித்த கல்கூட இல்லை.

அவர் பேர் ஆர்தர் வார்ட்டன். ஐரோப்பாவில் காசு வாங்கிக் கால்பந்து ஆடிய முதல் ஆப்பிரிக்கர் என்று இன்று நாம் போற்றும் மனிதர்.

இன்றைய கானாவின் அக்ராவில் 1865-ல் பிறந்தார். தந்தை கரீபியன் கடலின் கிரெனடாத் தீவிலிருந்து வந்த மெதடிஸ்ட் கிறிஸ்தவப் போதகர். தாய் அந்த மண்ணின் ஃபாண்டே இன அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். மகனும் போதகராக வேண்டும் என்றுதான் இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பினார்கள். டார்லிங்டனில் படித்த பையனுக்கோ மனமெல்லாம் மைதானத்தில் இருந்தது.

முதலில் அவரைப் பிரபலமாக்கியது ஓட்டம்தான். 1886 ஜூலையில், லண்டன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் 100 கஜ ஓட்டத்தைச் சரியாக 10 நொடியில் முடித்தார். இன்று அந்த மைதானத்தில் ஆடும் செல்சி என்ற கால்பந்து கிளப்பே பிறக்காத காலம் அது. ஐரோப்பிய அரசுகள் பெர்லினில் கூடி, ஆப்பிரிக்காவைப் பங்கு போட விதிமுறை எழுதி முடித்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. பந்தயம் அவர்களுடையது, நடுவர்கள் அவர்களுடைய ஆட்கள், கையிலிருந்த கடிகாரமும் அவர்களுடையது. அந்தக் கடிகாரமே அவரை வேகமான மனிதர் என்று சொல்லிவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அவ்வளவு வேகமாக ஓடத் தெரிந்தவர் கால்பந்தில் நின்ற இடம் கோல் கம்பத்தின் நடுவே! அன்றைய கோல்கீப்பர் வேலை லேசானதல்ல. பந்து கையில் இல்லாவிட்டாலும் எதிரணியினர் பாய்ந்து வந்து இடிக்கலாம். வார்ட்டன் அதற்கு அஞ்சியவரில்லை. முன்னேறி வந்து முஷ்டியால் பந்தைக் குத்தி அனுப்புவார். குறுக்குக் கம்பத்தைப் பிடித்துத் தொங்கியபடி, பாய்ந்து வரும் பந்தைக் கால்களுக்கிடையே அமுக்கிப் பிடித்ததைப் பார்த்தேன் என்று ஒரு ரசிகர் பல ஆண்டுகள் கழித்து எழுதினார்.

பிரஸ்டன் நார்த் எண்ட் அணிக்காக 1887-ல், இங்கிலாந்துக் கிளப்புகள் மோதும் எஃப்.ஏ. கோப்பையில் அரையிறுதி வரை ஆடினார். அப்புறம் ஓட்டத்தை நாடி அந்த அணியை விட்டுப் போனார். 1889-ல் அதே அணி ஒரு லீக் ஆட்டத்திலும் தோற்காமல் பட்டம் வென்றபோது அவர் அங்கே இல்லை. அந்த ஆண்டுதான் ராதரம் டவுன் அணியில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். பிறகு ஷெஃபீல்டு யுனைடெட். அங்கே இருந்த இன்னொரு கோல்கீப்பர், மலைபோல் உருவம் கொண்ட இளைஞர் வில்லியம் ஃபோக். அவரைத் தாண்டி வார்ட்டனுக்கு இடம் கிடைப்பது அரிதாயிற்று. ஆனாலும் 1895-ல் சண்டர்லாந்துக்கு எதிராக, லீக்கின் உச்சப் பிரிவான முதல் டிவிஷன் ஆட்டத்தில் இறங்கினார். சின்னச் சின்னக் கிளப்புகளில் ஆடி, கடைசியில் ஸ்டாக்போர்ட் கவுண்டியோடு 1902-ல் ஆட்டத்தை முடித்துக்கொண்டார்.

ஆட்டம் நின்றதும் வருமானமும் நின்றது. மதுப் பழக்கம் வேறு. கடைசிக் காலத்தில் சுரங்கத்தில் நிலக்கரி வண்டி தள்ளினார். உலகமே வியந்த அந்தக் கால்கள் இருட்டுக்குள் தண்டவாளத்தில் தேய்ந்தன என்பதை என்னால் சாதாரணமாகச் சொல்லிக் கடக்க முடியவில்லை.

67 ஆண்டுகள் அந்தக் கல்லறை பேரில்லாமல் கிடந்தது. ஷெஃபீல்டில் நிறவெறிக்கு எதிராக இயங்கும் கால்பந்து ஆர்வலர்கள் முயன்று, 1997-ல் அங்கே கல் நட்டார்கள். 2014-ல் இங்கிலாந்து தேசிய அணி பயிற்சி பெறும் செயின்ட் ஜார்ஜஸ் பார்க்கில் அவருக்குச் சிலை எழுந்தது. 16 அடி உயரம். எம்பி, கை நீட்டி, பந்தைத் தட்டிவிடுகிறார்.

நன்றி, வணக்கம்.