உப்பும் சதுரம், புகையும் சதுரம்: காட்டுத்தீப் புகையை நுணுக்குக்காட்டியில் பார்த்தல்

வணக்கம் உறவுகளே. திருகோணமலைக் கடற்கரையோரமுள்ள உப்புவெளியில் எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் மேற்கே மங்கலாகத் தெரிவது மேகம் அன்று. கன்னியாப் பக்கத்துப் பற்றைக்காட்டில் 3 நாட்களாக அணையாமல் புகைந்துகொண்டிருக்கும் தீயின் புகையை, மேற்குப் பக்கமிருந்து வீசும் கச்சான் காற்று நேரே எங்கள் பக்கம் கொண்டுவருகிறது. அந்தப் புகைக்குள் இருப்பவற்றை நுணுக்குக்காட்டி எவ்வளவு தூரம் காட்டும் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

நன்றாகக் கழுவி உலர்த்திய கண்ணாடி வழுக்கி ஒன்றைக் காலை 6 மணியிலிருந்து மாலை 6 மணிவரை மதில்மேல் திறந்து வைத்திருந்தேன். இப்போது திரையில் தெரிவது அதே வழுக்கி, 400 மடங்கு பெருப்பத்தில். நடுவில் கிடக்கும் கரிய துண்டைப் பாருங்கள். அது எரிந்த இலையின் ஒரு சிதறல். கரியாகிப்போன பின்பும் கலங்களின் சுவர்கள் வரிசை குலையாமல் வலைபோல நிற்கின்றன. அதைச் சுற்றி, கற்கண்டை நொறுக்கிப் போட்டதுபோல, ஒளி ஊடுருவும் சின்னச் சின்னச் சதுரமுகிகள் நிறைந்திருக்கின்றன. முதல்முறை பார்த்தபோது இவையும் புகையோடு வந்தவை என்றே குறிப்பேட்டில் எழுதிவிட்டேன்.

அந்தக் குறிப்பு தவறாக இருக்கலாம் என்ற ஐயம் வழுக்கியின்மேல் மெதுவாக மூச்சை ஊதிப் பார்த்தபோதுதான் எழுந்தது. மூச்சின் ஈரம் பட்டவுடன் சதுரமுகிகள் கரைந்து துளிகளாகின. சற்று நேரத்தில் உலர்ந்து மீண்டும் சதுரமாகின. கரித்துண்டு அசையவில்லை. பின்னேரம் கச்சான் தளர்ந்து கடற்காற்று வீசத் தொடங்கிய வேளையிலும் வழுக்கி வெளியிலேயே இருந்தது. அலை உடையும் இடத்திலிருந்து எழும் நீர்த்துளிகள் உலர்ந்தால் எஞ்சுவது சோடியம் குளோரைட்டு, அதன் பளிங்கு வடிவமும் சதுரமுகிதான்.

ஆனால் இதோடு கதை முடியவில்லை. தாவரங்களில் பொற்றாசியம் நிறைய உண்டு. அவை எரியும்போது வெளிவரும் இளம் புகையில் பொற்றாசியம் குளோரைட்டும் இருக்கும். அதுவும் சதுரமுகியாகவே படியும், அதுவும் ஈரத்தில் கரையும். கடலிலிருந்து வந்ததா, காட்டிலிருந்து வந்ததா என்று வடிவத்தை மட்டும் வைத்து, என்னிடமுள்ள கருவியால் சொல்லவே முடியாது. வருடல் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் இலத்திரன் கற்றை படும்போது ஒவ்வொரு மூலகமும் தனக்கேயுரிய சக்தியுடன் எக்ஸ் கதிரை வெளிவிடும். அதை அளந்தால் சோடியமா பொற்றாசியமா என்பது தெரிந்துவிடும். இன்னுமொன்று, புகை காற்றில் பயணிக்கையில் குளோரின் மெல்ல நீங்கி, பொற்றாசியம் சல்பேற்றாகவும் நைத்திரேற்றாகவும் மாறுகிறது. ஆகவே அந்த ஒரு துணிக்கையிலிருந்து புகை இளையதா முதிர்ந்ததா என்பதைக்கூட அறியலாம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விடயம் இதுதான்.

இனி, நம் கண்ணுக்கு அகப்படாத பகுதிக்கு வருகிறேன். ஒளி நுணுக்குக்காட்டியால் ஏறத்தாழ 200 நனோமீற்றருக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்ட இயலாது. நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடிய துணிக்கைகளிற் பெரும்பாலானவை அந்த எல்லையை ஒட்டியோ அதற்குக் கீழோ உள்ளவை. 2011இல் அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில் ஏற்பட்ட லாஸ் கொஞ்சாஸ் காட்டுத்தீயின் புகையை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தவர்கள், துணிக்கைகளில் 80 வீதம் தார் உருண்டைகள் என்றும், புகைக்கரி 8 வீதமே என்றும் கண்டனர். தார் உருண்டை என்பது காபனும் ஒட்சிசனும் மிகுந்த, பளிங்கமைப்பு இல்லாத, ஏறக்குறையச் சரியான கோளம். புகைக்கரியோ சில பத்து நனோமீற்றர் அளவுள்ள மணிகள் கோத்த சங்கிலி. அந்த ஆய்வில் வேறு பொருள் எதுவும் ஒட்டாத வெறும் சங்கிலியாக இருந்தது புகைக்கரியில் 4 வீதம் மட்டுமே. கொழுந்துவிட்டு எரியும்போது புகைக்கரி கூடும், சுவாலையின்றிப் புகையும்போது தார்போன்ற சேதனப் பொருட்கள் கூடும். கன்னியாவில் இப்போது சுவாலை தெரியவில்லை, புகை மட்டுமே எழுகிறது என்பதால், நாங்கள் இன்று சுவாசிப்பதில் இரண்டாவது வகையே மிகுதி என்று கருதுகிறேன்.

இலத்திரன் நுணுக்குக்காட்டி எடுக்கும் படங்களைப் பார்க்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. கருவிக்குள் இருப்பது வெற்றிடம். நீரும் எளிதில் ஆவியாகும் எண்ணெய்ப் பொருட்களும் படம் எடுக்குமுன்னரே போய்விடுகின்றன. நாம் காண்பது எஞ்சியதை மட்டுமே.

நாளை 3 வழுக்கிகள் வைக்கிறேன். ஒன்று மூடிய பெட்டிக்குள், ஒன்று காலையில் கச்சான் வீசும்போது மட்டும், மற்றொன்று கடற்காற்று திரும்பிய பின்னர். மூன்றையும் அருகருகே வைத்து, சதுரமுகிகளை எண்ணி, அடுத்த காணொளியில் காட்டுகிறேன்.