பழைய பெர்த்தில் புது கிரேன் ஏறலாமா?

வணக்கம் மக்களே. துறைமுகத்துக்குள் கேமராவை விடமாட்டார்கள், அதனால் இன்றைக்கு மொட்டை மாடியில் இருந்துதான் பேசுகிறேன். பின்னால் நிற்கும் சின்டெக்ஸ் தொட்டியைப் பாருங்கள். ஆயிரம் லிட்டர். நிரம்பினால் தண்ணீர் மட்டும் ஒரு டன். பழைய பெர்த்தை, அதாவது துறைமுகத்தில் கப்பல் வந்து அணையும் மேடையை, நாங்கள் சோதிப்பதும் இதே கணக்கில்தான்.

அந்தக் காலத்து லாரியையும் சின்ன கிரேனையும் மனதில் வைத்துக் கட்டிய மேடை அது. இப்போது வருகிற பெரிய மொபைல் ஹார்பர் கிரேன்களில் சிலவற்றின் எடையே 400 டன்னுக்கு மேல். தூக்கும்போது எல்லா எடையும் அவுட்ரிகர் பாதங்களில், அதாவது கிரேன் பக்கவாட்டில் நீட்டி ஊன்றும் கால்களின் பாதங்களில் இறங்கும், அதுவும் சமமாக அல்ல. பூம், அதாவது கிரேனின் நீண்ட கை, திரும்புகிற பக்கத்துப் பாதம்தான் அதிகம் வாங்கும். அடியிலோ உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டுக் கம்பி துருப்பிடித்து, கான்கிரீட் பெயர்ந்து தொங்கும். பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதுவும் கிடைத்தால்.

முதலில், கடல் வற்றும் நேரம் பார்த்துப் படகில் மேடைக்கு அடியில் போய்ச் சுத்தியலால் தட்டுவோம். நல்ல கான்கிரீட் கணீர் என்கும். உள்ளே விட்டுப்போனது பொத் என்கும்.

அப்புறம் மேலே வாட்டர் பேக்குகளை வைத்துப் படிப்படியாக நிரப்புவோம். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456-இன்படி, மேடை தாங்க வேண்டிய பாரத்தைப் போல 1.25 மடங்கு, 24 மணி நேரம் நிற்க வேண்டும். தண்ணீரை இறக்கிய 24 மணி நேரத்துக்குள், மேடை தாழ்ந்ததில் 75 சதவீதமாவது மேலே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் 72 மணி நேரம் கழித்து இன்னொரு வாய்ப்பு உண்டு, ஆனால் அதில் 80 சதவீதம் கேட்பார்கள். எல்லோரும் எவ்வளவு இறங்கியது என்றுதான் கேட்கிறார்கள். என் கண் எவ்வளவு எழுந்தது என்பதில்தான்.

முதல் சோதனையில் நான் முழித்த கதை ஒன்று. மதியம் பார்த்தால், பாரம் அப்படியே இருக்க, மேடையின் தளமான ஸ்லாப் மேலே எழும்புகிறது! ஏற்ற இறக்கத்தை அளக்கும் டயல் கேஜைச் சந்தேகப்பட்டு மூன்று முறை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் வெயில். மேல்பக்கம் சூடாகி விரிந்து ஸ்லாப் வளைந்திருக்கிறது. அன்றிலிருந்து விடியலுக்கு முன் எடுத்த ரீடிங்கைத்தான் நம்புவேன்.

ஒன்று கவனியுங்கள். தண்ணீர்ப் பை பரவலாக அழுத்தும், கிரேன் பாதம் ஒரே இடத்தில் குத்தும். பையில் தேறிய ஸ்லாபைப் பாதம் ஓட்டை போட்டுவிடலாம். அதனால் பாதத்துக்கு அடியில் தடித்த இரும்புத் தகடு போட்டு, பீமுக்கு நேர் மேலே நிறுத்தச் சொல்லிப் பெயிண்டில் குறித்துவிடுவேன். மேடைக்கு அடியில் மண்ணுக்குள் இறங்கி நிற்கும் தூணான பைல் எவ்வளவு தாங்கும் என்பது வேறு கதை, அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.

சரி, தொட்டி வழிகிறது, மோட்டாரை நிறுத்திவிட்டு வருகிறேன்.