தொண்டைக்குழியில் பிறந்த ஒரு சொல்

ஒரு நிமிஷம், எல்லோரும் தொண்டைக்குழியில் கையை வையுங்கள். எச்சில் விழுங்குங்கள், மூச்சு விடுங்கள். விரலுக்கடியில் ஏறி இறங்குகிறதே, எபிரெயர்கள் 'நெஃபெஷ்' என்று சொன்னது முதலில் இந்த இடத்தைத்தான்.

நாம் அதைத் தமிழ் வேதாகமத்தில் 'ஆத்துமா' என்று படித்தே வளர்ந்துவிட்டோம். ஆத்துமா என்றதும் உடம்புக்குள் ஒளிந்திருந்து செத்ததும் பறந்துபோகிற ஒன்று மனதில் வந்து நிற்கிறது. அந்த நினைப்போடு 69-ஆம் சங்கீதத்தைத் திறந்தால், வெள்ளங்கள் என் ஆத்துமாமட்டும் பெருகிவருகிறது என்று இருக்கிறது. வெள்ளம் ஆத்துமா வரைக்கும் எப்படி வரும்? கழுத்து வரைக்கும் வரும். காலூன்ற இடமில்லாமல் சேற்றில் அமிழ்ந்துகொண்டிருக்கிறவன், மூக்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் நாலு விரற்கடைகூட இல்லாத நேரத்தில் போடுகிற கூப்பாடு அது. எபிரெயத்துக்கு உறவான பழைய மொழி அக்காடியத்திலும் இதே வேர்ச்சொல்லுக்குத் தொண்டை, உயிர் இரண்டும் பொருள். இன்னொரு உறவு மொழியான உகாரித்திலும் அப்படித்தான்.

இதைத் தெரிந்துகொண்டு 42-ஆம் சங்கீதத்தைப் படித்துப் பாருங்கள். நீரோடையைத் தேடிக் கதறுகிற மான், நாக்கு வெளியே தள்ளி, தொண்டை காய்ந்து நிற்கிறது. 'என் ஆத்துமா தேவன்மேல் தாகமாயிருக்கிறது' என்ற வரி அப்புறம் நிஜமான தாகமாகவே கேட்கும். எனக்கு அந்தச் சங்கீதம் இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்குத்தான் முதல்முதலாகப் புரிந்தது.

தொண்டையில் தொடங்கி மூச்சு, பசி, ஆசை, உயிர், கடைசியில் முழு ஆள் என்று சொல் விரிந்துகொண்டே போகிறது. ஆதியாகமம் 2:7-இல் மனுஷன் 'நெஃபெஷ் ஹயா' ஆனான், அதாவது உயிருள்ள ஒரு ஆளாக ஆனான். முதல் அதிகாரத்தில் கடலில் நீந்துகிற மீனுக்கும் அதே இரண்டு சொற்கள்தான்! நம் பழைய மொழிபெயர்ப்பில் மனுஷனுக்கு 'ஜீவாத்துமா', மீனுக்கு 'ஜீவஜந்து' என்று பிரித்துவிட்டதால் நமக்கு அது தெரியாமலே போயிற்று. யாக்கோபின் குடும்பத்தார் எழுபது பேர் என்கிற இடத்தில் எபிரெயத்தில் எழுபது நெஃபெஷ். எண்ணாகமம் 6:6-இல் பிணத்துக்குக்கூட இந்தச் சொல் வருகிறது.

மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்லவில்லை. யோனாவின் ஜெபத்தில் 'பிராணபரியந்தம்' என்றும், லேவியராகமத்தில் மாம்சத்தின் 'உயிர்' என்றும் அழகாகவே எழுதியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் உயிர்தான் கிட்டத்தட்டப் பொருந்துகிற சொல். 'உயிர்ப்பு' என்றால் மூச்சு. நம் வீட்டுப் பேச்சிலும் உயிர் தொண்டைக்குழிக்கு வந்துவிட்டது என்கிறோம், இல்லையா?

இன்னும் ஒன்று. இதே வேரிலிருந்து ஒரு வினைச்சொல் எபிரெய வேதத்தில் மூன்றே இடத்தில் வருகிறது, 'மூச்சு வாங்கிக்கொள்வது' என்று சொல்லலாம். தன் மகன் அப்சலோமுக்குப் பயந்து ஓடிக் களைத்துப்போன தாவீது ஒரு இடத்தில் அப்படி மூச்சு வாங்குகிறான். யாத்திராகமம் 31:17-இல், ஆறு நாள் வேலை செய்த தேவனே ஏழாம் நாளில் அப்படி மூச்சு விட்டார் என்று எழுதியிருக்கிறது. மூன்றாவது இடம் அதே யாத்திராகமத்தில் 23:12. ஓய்வுநாள் எதற்கு என்று அங்கே காரணம் சொல்லும்போது, உன் மாடும் கழுதையும் இளைப்பாற வேண்டும், அப்புறம் உன் அடிமைப்பெண்ணின் பிள்ளையும் ஊர்விட்டு ஊர் வந்த அந்நியனும் மூச்சு விட வேண்டும் என்கிறது. தேவனுக்குப் போட்ட அதே சொல்லை அந்தப் பிள்ளைக்கும் போட்டிருக்கிறார்கள்.