தாடியை வழித்துவிட்டு வரச் சொல்லும் முதலாளிமாருக்கு

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியிலிருந்து பேசுகிறேன். பின்னால் ஏ9 வீதியின் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த நேரத்தில் மணல் ஏற்றிய டிப்பர்கள் ஓய்வதில்லை.

இன்றைக்குத் தாடி பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். வேலை கேட்டுப் போன பிள்ளையிடம் 'தாடியை வழித்துவிட்டு வா' என்று சொல்ல முதலாளிக்கு உரிமை உண்டா என்பதுதான் கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வேலைக்குத் தாடி இடைஞ்சல் என்றால் தாராளமாகச் சொல்லலாம். தன் கண்ணுக்கு இடைஞ்சல் என்றால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

இடைஞ்சலான வேலைகள் இருக்கின்றன, அதை மறைக்க வேண்டியதில்லை. நம் பரந்தனிலேயே ஓர் இரசாயனத் தொழிற்சாலை இருந்தது; கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்தார்கள், பிறகு போர் அதை மூடிவிட்டது. குளோரின் கசியக்கூடிய இடத்தில் நிற்பவருக்கு முகத்தோடு இறுக ஒட்டும் சுவாசக் கவசம் வேண்டும். அதன் ரப்பர் விளிம்பு தோலில் படிய வேண்டும். நடுவில் முடி இருந்தால், மூச்சை இழுக்கும்போது காற்று வடிகட்டி வழியே வராது. இலகுவான வழி எதுவோ அதாலே வரும், அதாவது தாடி வழியே. இரண்டு நாள் வழிக்காத முள்ளுத் தாடி கூடப் போதும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிகளில் இது வெளிப்படையாகவே இருக்கிறது: விளிம்பு ஒட்டும் இடத்தில் முடி உள்ளவருக்கு அந்த வகைக் கவசத்தைக் கொடுக்கவே கூடாது. மீசை விளிம்புக்குள் அடங்கினால் பிரச்சினை இல்லை.

ஆனால் அங்கேயும் வழி தேடியவர்கள் இருக்கிறார்கள். கோவிட் காலத்தில் பிரித்தானியாவில் இருந்த சீக்கிய மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் தாடியை எடுக்கவில்லை. அகலமான ரப்பர் பட்டை ஒன்றைத் தாடைக்குக் கீழே கொடுத்து, தாடி முழுவதும் அதற்குள் அடங்கும்படி இழுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டார்கள். அந்த வழுவழுப்பான பட்டையின் மேல் கவசத்தை அணிந்து காற்றுக் கசிகிறதா என்று சோதித்தபோது பெரும்பாலானோர் தேறிவிட்டார்கள். அதற்கு 'சிங் தட்டா' என்று பெயர். தலை முழுவதையும் மூடி, உள்ளே காற்றை ஊதும் வகைக் கவசமும் இருக்கிறது, விலைதான் கூட. ஆக, உண்மையிலேயே ஆபத்தான வேலையில் கூட 'வழி, இல்லாவிட்டால் போ' என்பது கடைசிப் பேச்சாக இருக்க வேண்டியதில்லை.

நண்டும் மீனும் பதப்படுத்தும் இடங்களில் தலைக்கு வலை போடுகிறார்கள் அல்லவா, தாடிக்கும் அதே மாதிரி வலை இருக்கிறது. அதோடு அந்தக் கதை முடிந்தது.

நெல் ஆலைகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. உமித்தூசி பறக்கிற இடத்தில் தோளில் கிடந்த துவாயை வாயில் கட்டிக்கொண்டு வேலை செய்கிற பெடியன்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கவசம் வாங்கிக் கொடுக்காத முதலாளி, பாதுகாப்பு என்று சொல்லித் தாடியைப் பிடிப்பது எனக்குப் பிடிபடவில்லை.

சரி, 'துப்புரவு', 'ஒழுக்கம்', 'நிறுவனத்தின் தோற்றம்' என்ற நியாயங்களுக்கு வருவோம். இந்தத் தோற்றம் என்பது எவ்வளவு நிலையில்லாத சாமான் என்று பாருங்கள். பிரித்தானிய இராணுவத்தில் 1916 வரை மேலுதட்டை வழிப்பதே குற்றம். மீசை வைக்க வேண்டும் என்பதுதான் சட்டம். தாடியோ அதே இராணுவத்தில் பெரும்பாலானவர்களுக்கு நெடுங்காலம் தடைதான். 2024 மார்ச்சில் தாடியும் வைக்கலாம் என்று விட்டுவிட்டது. நீளம் 2.5 மில்லிமீற்றரிலிருந்து 25.5 மில்லிமீற்றர் வரை. கவசம் அணிய வேண்டிய ஆபத்து வந்தால் வழிக்கச் சொல்லலாம் என்ற நிபந்தனையும் உண்டு, அது நியாயம். டிஸ்னி பூங்காக்களில் இன்னும் வேடிக்கை. முதலாளி வால்ட் டிஸ்னி மீசைக்காரர். அவருடைய பூங்காவில் வேலை செய்தவர்களுக்கு 2000ஆம் ஆண்டு வரை மீசை கூடாது, 2012 வரை தாடி கூடாது! பொதி கொண்டு போகும் யூபிஎஸ் நிறுவனமும் 2020இல் தடையை எடுத்துவிட்டது. தாடி வைத்தவர் கொண்டு வந்த பொதியை யாரும் வாங்க மறுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

நம் ஊரில் இந்த விதி பெரும்பாலும் கொழும்பிலிருந்து வருகிறது. போர் முடிந்த பிறகு ஏ9 நெடுகிலும் வங்கிகளும் லீசிங் நிறுவனங்களும் காளான் மாதிரி முளைத்தன. தலைமை அலுவலகத்தில் யாரோ எழுதிய தோற்ற விதி இங்கே முகாமையாளரின் மேசையில் கிடக்கிறது. வாடிக்கையாளருக்கு நம்பிக்கை வர வேண்டுமாம், அதற்கு முகம் மழமழவென்று இருக்க வேண்டுமாம். வன்னிப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். நுண்கடன் தவணை பிந்தினால் இருட்டிய பிறகும் படலையில் வந்து நின்று, அயலட்டைக்குக் கேட்கும்படி கத்திய தம்பிமார் எல்லோரும் நன்றாக வழித்து, சேர்ட்டை உள்ளே விட்டு, கழுத்துப் பட்டியும் கட்டியிருந்தவர்கள்தான். அந்தக் கடன் தொல்லை எவ்வளவு முற்றியதென்றால், 2018இல் வறட்சி மாவட்டங்களின் பெண்கள் பட்ட ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் கொடுக்க வேண்டி வந்தது. தாடியில்லாத முகம் எந்த நம்பிக்கையைக் கொண்டு வந்தது?

தெரிந்த பிள்ளை ஒருவனுக்கு அப்படி ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். தகப்பன் இறந்து பதினைந்து நாள் கூட ஆகவில்லை. முகாமையாளர் நல்ல மனிதர்தான், தேநீர் எல்லாம் கொடுத்துவிட்டு, 'தம்பி, திங்கட்கிழமை வரும்போது முகத்தைத் துப்புரவாக்கிக்கொண்டு வாரும்' என்றாராம். இவன் சொன்னான், 'ஐயா, அந்தியேட்டி முடியவில்லை.' 31ஆம் நாள் நடக்கும் அந்தியேட்டிச் சடங்கு வரை வழிக்காமல் இருப்பது நம் பக்கத்துச் சைவ வீடுகளில் பல இடங்களில் இருக்கிற வழமை. அந்த முகத்தைக் கண்டால் சந்தையில் மரக்கறி விற்கிறவர் கூட 'வீட்டில் யார் தம்பி?' என்று கேட்டுவிடுவார். அந்த முகாமையாளருக்கும் தெரியும், அவரும் இந்த மண்ணில் பிறந்தவர். ஆனால் விதிப் புத்தகத்தில் அந்தியேட்டிக்குப் பெட்டி இல்லை.

கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள், வேளாங்கண்ணிக்கு நேர்த்தி வைத்தவர்கள், மன்னாரிலும் வவுனியாவிலும் மார்க்கப்படி தாடி வைக்கிற முஸ்லிம் சகோதரர்கள் எல்லோருக்கும் இதே கதைதான். சுருண்ட முடிக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒட்ட வழித்தால் முளைக்கிற முடி வளைந்து திரும்பவும் தோலுக்குள் குத்தி, கன்னமெல்லாம் கட்டி கட்டியாக வந்துவிடும். அமெரிக்காவின் நியூவார்க் நகரப் பொலிஸில் இந்தத் தோல் வருத்தத்துக்குத் தாடி வைக்க விட்டார்கள், முஸ்லிம் பொலிஸாருக்கு மட்டும் விடவில்லை. 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கேட்ட கேள்வி எளியது: வருத்தத்துக்கு விலக்குக் கொடுக்க முடிகிறது, மதத்துக்கு ஏன் முடியாது? பொலிஸார் வென்றார்கள். எல்லா நீதிமன்றமும் அப்படி இல்லை. இந்திய விமானப்படையில் தாடி வைத்த முஸ்லிம் ஒருவரின் வழக்கு 2016இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றுப் போனது.

'வேலை பெரிதா, தாடி பெரிதா, வழித்துவிட்டுப் போ' என்று அந்தப் பிள்ளையின் தாயே சொன்னார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். போர்க்காலத்தில் ஏ9 வீதியில் இருந்த ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடியைக் கடந்த தலைமுறை அது. அடையாள அட்டையில் இருக்கிற முகமும் வரிசையில் நிற்கிற முகமும் ஒத்துப் போகாவிட்டால் என்ன நடக்கும் என்று பயந்து, விடியக் காலையில் மகனை எழுப்பி வழிக்கச் சொன்ன தாய்மார் நிறையப் பேர். சீருடைக்காரன் முன்னாலும் மேசைக்காரன் முன்னாலும் முகத்தை மாற்றிக்கொண்டு நிற்கப் பழகிவிட்டோம். அதனால்தான் முகாமையாளர் கேட்கும்போது ஏன் என்று திருப்பிக் கேட்க நமக்கு வாய் வருவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாத் தாடியும் நேர்த்தித் தாடி அல்ல. சோம்பலில் வளர்ந்ததும் இருக்கிறது, நடிகரைப் பார்த்து வளர்த்ததும் இருக்கிறது. எனக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைக்கும் என்பதால் பொறாமையில் பேசுகிறேன் என்று நினைத்தாலும் சரி. சீவி, கத்தரித்து, கழுவி வை என்று முதலாளி சொல்லட்டும், நானும் அவரோடு நிற்பேன். சட்டைக்கு அயன் போடச் சொல்வதை நாம் கேட்கிறோம்தானே.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், நம் அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை மதத்தின் பெயரால் பாரபட்சம் கூடாது என்கிறது. மீறினால் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், மாதம் ஓடுவது தெரியாது, கவனம். ஆனால் அது அரச நிர்வாகத்துக்கு எதிரான வழி. தனியார் நிறுவனத்தை அதால் பிடிக்க முடியாது. தாடிக்காக வேலையை விட்டு நிறுத்தினால் தொழில் திணைக்களமும் தொழில் நியாய மன்றும் இருக்கின்றன. நேர்முகத் தேர்விலேயே திருப்பி அனுப்பினால் போய் நிற்க அநேகமாக இடமே இல்லை. ஆகவே பிள்ளைகளே, வேலையில் சேர முன்னமே கேளுங்கள்: இந்த விதி நியமனக் கடிதத்தில் இருக்கிறதா, துடக்குக்கும் நேர்த்திக்கும் விலக்கு உண்டா என்று. மரியாதையாக, ஆனால் எழுத்தில் கேளுங்கள்.

நான் ஒரு பக்கம்தான் பேசினேன் என்று நினைக்கிற முகாமையாளர்கள் யாராவது இருந்தால் வாருங்கள். கமராவுக்கு முன்னால் ஒரு கதிரை போட்டுத் தருகிறேன், தேநீரும் உண்டு. வழித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்றில்லை.