லிங்கன் பாக்கெட்டுல இருந்ததும், வீட்ல மறைச்சதும்

எல்லாருக்கும் வணக்கம். லிங்கன்னு தலைப்பைப் பாத்துட்டு அடிமை ஒழிப்பு, கெட்டிஸ்பர்க் பேச்சுன்னு எதிர்பார்த்து வந்தவங்க மன்னிச்சுக்கோங்க, அதெல்லாம் ஸ்கூல் புக்லயே வந்துடுச்சு. இன்னிக்கு நான் பேசப்போறது அந்த மனுஷனோட பாக்கெட், தொப்பி, வாட்ச், அப்பறம் அவரு வீட்டம்மா கடைகள்ல வச்சிருந்த பாக்கி, இவ்வளவுதான். அமெரிக்கா வடக்கு, தெற்குன்னு ரெண்டா உடைஞ்சு உள்நாட்டுச் சண்டை போட்டப்ப, ஜனாதிபதியா இருந்த லிங்கனோட அந்த வீட்டுக்குள்ள ஒருத்தருக்குத் தெரியாம இன்னொருத்தர் என்னென்ன ஒளிச்சு வச்சிருந்தாங்கன்னு இந்தச் சாமான்களைப் பாத்தாதான் புரியுது.

1865 ஏப்ரல் 14. பிரிஞ்சு போன தெற்கு மாநிலங்களோட தளபதி லீ சரணடைஞ்சு 5 நாள்தான் ஆகியிருந்துச்சு, வாஷிங்டன் ஃபோர்ட்ஸ் தியேட்டர்ல நாடகம் பாத்துட்டிருந்த லிங்கனை, தெற்கு ஆதரவாளன் ஜான் வில்க்ஸ் பூத் பின்னாடியிருந்து சுட்டுட்டான். எதிர்த்த வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனாங்க, ஆளு 6 அடி 4 அங்குலம், அங்க இருந்த கட்டில் பத்தாம குறுக்காத்தான் கிடத்த முடிஞ்சுது. மறுநாள் காலைல 7:22க்கு உயிர் போயிடுச்சு. இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அன்னிக்கு அவரு பாக்கெட்டுல இருந்ததெல்லாம் பெரிய பையன் ராபர்ட் கைக்கு வந்துச்சு.

என்னென்ன இருந்துச்சு? ரெண்டு மூக்குக்கண்ணாடி, கண்ணாடி துடைக்கிற சாமான் ஒண்ணு, தந்தப்பிடி போட்ட பேனாக்கத்தி, சிவப்பு நூல்ல ஏ. லிங்கன்னு பேர் தச்ச லினன் கைக்குட்டை, சட்டைக் கையில மாட்டுற பட்டன் ஒண்ணு, பழுப்பு நிறத் தோல் பர்ஸ். மூக்குக்கண்ணாடில ஒண்ணுக்குக் காதுக்கம்பி சேர்ற இடத்துல திருகு விழுந்துடுச்சு போல, நூலை வச்சு முடிச்சுப் போட்டு வச்சிருக்காரு. வருஷத்துக்கு 25,000 டாலர் சம்பளம் வாங்குன ஆளுங்க இவரு, நம்ம தாத்தாமாருங்க கண்ணாடிக்கு நூல் கட்டி ஓட்டுன மாதிரியே ஓட்டியிருக்காரு.

பர்ஸைத் திறந்தா இருந்த ஒரே பணம் 5 டாலர் நோட்டு ஒண்ணு, அதுவும் யாரு நோட்டு, எதிரி நோட்டு, தெற்கு மாநிலங்கள் கூட்டமைப்பு அடிச்ச நோட்டு. சுடப்படறதுக்கு 10 நாள் முன்னாடி, ஏப்ரல் 4ஆம் தேதி, விழுந்துபோன எதிரித் தலைநகரம் ரிச்மண்டுக்குச் சின்னப் பையன் டாடைக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தாரு, அன்னிக்கு அந்தப் பையனுக்கு 12வது பிறந்தநாளு, போனவரு எதிரி அதிபர் ஜெஃபர்சன் டேவிஸோட வீட்ல அவரு நாற்காலியிலயே உக்காந்துட்டு வந்தாரு, நோட்டும் அங்கதான் கிடைச்சிருக்கும்னு பொதுவா நினைக்கறாங்க. கடையில செல்லாத நோட்டு, சும்மா ஞாபகத்துக்கு வச்சிருந்திருக்கணும்.

ஆனா எனக்கு நோட்டைவிட அதே பர்ஸ்ல மடிச்சு வச்சிருந்த பேப்பர் கட்டிங்குங்கதான் முக்கியமாப் படுது. தெற்குப் படையிலேர்ந்து ஆளுங்க ஓடிப்போறதைப் பத்தி ஒண்ணு, அவரைப் பாராட்டி எழுதுனது சிலது, அதுல இங்கிலாந்து எம்பி ஜான் பிரைட் அவரை ஆதரிச்சு எழுதுன கடிதமும் உண்டு. யோசிச்சுப் பாருங்க, அந்த 4 வருஷமும் பேப்பர்காரங்க அவரைக் குரங்குன்னாங்க, கோமாளின்னாங்க, சர்வாதிகாரின்னாங்க, சொந்தக் கட்சிக்காரங்களே 1864ல வேற ஆளை நிறுத்தலாம்னு பேசுனாங்க. வெளிய அவரு ஜோக் சொல்லி சிரிச்சுக்கிட்டிருந்தாரு, உள்ள நாலு நல்ல வார்த்தையை வெட்டி எடுத்து பர்ஸ்ல போட்டுட்டுத் திரிஞ்சிருக்காரு. சிலையா நிக்கற லிங்கனைவிட இந்த லிங்கனை எனக்கு ரொம்பப் பிடிக்குதுங்க.

வாட்ச் கதை இன்னும் வேடிக்கை. தங்கத்துல செஞ்ச பாக்கெட் வாட்ச், ஜனாதிபதி ஆன புதுசுல ரிப்பேருக்குக் கொடுத்திருக்காரு. கடையில ஜோனதன் டில்லன்னு அயர்லாந்துலேர்ந்து வந்த ஒரு வாட்ச் மெக்கானிக், டயலைக் கழட்டி வச்சு வேலை பாத்துட்டிருக்கறப்ப அரசாங்கத்தோட ஃபோர்ட் சம்டர் கோட்டையைத் தெற்குக்காரங்க தாக்கிட்டாங்க, சண்டை ஆரம்பிச்சுடுச்சுன்னு சேதி வருது. மனுஷன் என்ன பண்ணாரு, உள்ள இருக்கற தகட்டுல சின்ன எழுத்துல கீறி வச்சுட்டு டயலை மாட்டிக் கொடுத்துட்டாரு, யார்கிட்டயும் சொல்லல. 1906ல வயசான காலத்துல பத்திரிகைக்காரங்ககிட்ட, அடிமைத்தனம் செத்துச்சு, முயற்சியாவது பண்ற ஒரு ஜனாதிபதி நமக்கு இருக்காருன்னு எழுதுனேன்னு சொன்னாரு. 2009 மார்ச்ல ஸ்மித்சோனியன் மியூசியத்துல டயலைக் கழட்டிப் பாத்தா எழுத்து நிஜமாவே இருக்கு, ஆனா அடிமைத்தனம்ங்கற பேச்சே இல்ல. தேதி, தன்னோட பேரு, கிளர்ச்சிக்காரங்க தாக்கிட்டாங்க, கடவுளுக்கு நன்றி நமக்கு ஒரு அரசாங்கம் இருக்கு, அவ்வளவுதான், சம்டருக்கு ஸ்பெல்லிங்கும் தப்பு. நாப்பத்தஞ்சு வருஷத்துல அவரு மனசுக்குள்ள அந்த வாசகம் வளந்துடுச்சு, உலோகத்துல இருந்தது வளரல. இதுல இன்னொண்ணு, அதே வாட்ச்சுக்குள்ள வேற எவனோ ஜெஃப் டேவிஸ்னு எதிரி அதிபரோட பேரையும் கீறி வச்சிருக்கான்! லிங்கனுக்கு ரெண்டுமே தெரியாது, தெரியாமலேயே சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு சுத்தியிருக்காரு.

அவருக்குத் தெரியாதது வீட்டுக்குள்ளயும் இருந்துச்சு. லிங்கனோட மனைவி மேரி வெள்ளை மாளிகையைப் புதுசு பண்ண அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கொடுத்த 20,000 டாலரைத் தாண்டிச் செலவு பண்ணிட்டாங்க, பட்டாளத்துக்காரனுக்குப் போத்திக்க கம்பளி இல்லாதப்ப இது எதுக்குன்னு லிங்கன் கத்துனது பதிவாயிருக்கு. அது தெரிஞ்ச செலவு. தெரியாதது துணிக்கடை பாக்கி. மேரிக்கு டிரஸ் தச்ச எலிசபெத் கெக்லி, அடிமையா இருந்து காசு கொடுத்துத் தன்னையும் தன் மகனையும் விடுவிச்சுக்கிட்டவங்க, 1868ல தன் நினைவுகளை எழுதினாங்க, அதுல 1864 தேர்தல் சமயத்துல பாக்கி 27,000 டாலர்னு மேரி சொன்னதா வருது, புருஷனோட வருஷச் சம்பளத்தைவிட ஜாஸ்தி. அவரு ஜெயிச்சா கடன்காரங்க பொறுப்பாங்க, தோத்தா பில்லு வாசலுக்கு வந்துடும்னு அந்தம்மா நடுங்கியிருக்காங்க. நாடு அந்தத் தேர்தல்ல யுத்தம் தொடருமா நிக்குமான்னு பாத்துட்டிருக்கு, வீட்டம்மா துணிக்கடைக்காரனை நினைச்சுக்கிட்டிருக்காங்க.

ஊதாரின்னு அவங்களைத் திட்டறது ரொம்ப சுலபம், நிறைய பேரு அதைத்தான் பண்ணியிருக்காங்க, எனக்கு அது நியாயமாத் தெரியல. 1862 பிப்ரவரி 20, பையன் வில்லி, 11 வயசு, காய்ச்சல்ல செத்துட்டான், டைபாய்டுன்னு நம்பறாங்க. ஏற்கனவே எட்டின்னு ஒரு குழந்தையை 1850லயே பறிகொடுத்தவங்க. வில்லி செத்த ரூமுக்குள்ள அப்பறம் மேரி காலே வைக்கலன்னு கெக்லி எழுதறாங்க, ஆவி பேசறவங்களைக் கூப்பிட்டு உக்காந்ததும் அதுக்கப்பறம்தான். லிங்கனும் மறக்கல. ஸ்மித்சோனியன்ல இருக்கற அந்த உயரமான பட்டுத் தொப்பியைக் கிட்ட போய்ப் பாத்தீங்கன்னா சுத்தி ஒரு கறுப்புப் பட்டுப் பட்டை தெரியும், அது ஃபேஷன் இல்ல, வில்லிக்கான துக்கப் பட்டை. 3 வருஷம் கழிச்சு தியேட்டருக்குப் போன அன்னிக்கும் அதே பட்டையோடதான் போயிருக்காரு.

புருஷன் போனப்பறம் மேரி பட்ட பாடு தனிக்கதை, 1867ல நியூயார்க்ல பேர் மாத்தி மிசஸ் கிளார்க்னு சொல்லிக்கிட்டு பழைய டிரஸை விக்கப் பாத்து பேப்பர்ல நாறிப்போச்சு. அப்பறம் கையில இருந்த கடன் பத்திரங்களைப் பாவாடைக்குள்ள தச்சு வச்சுக்கிட்டே நடமாடினாங்க. 1875ல பெத்த புள்ளை ராபர்ட்டே கோர்ட்டுக்குப் போய் புத்தி சரியில்லன்னு தீர்ப்பு வாங்கி மனநல விடுதியில சேர்த்தாரு, அடுத்த வருஷமே சரியாயிட்டாங்கன்னு கோர்ட்டே சொல்லுச்சு.

இந்த ராபர்ட்தான் அப்பாவோட காகிதங்களையும் காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுத்துட்டு, நான் செத்து 21 வருஷம் கழிச்சுதான் திறக்கணும்னு கண்டிஷன் போட்டவரு. 1926 ஜூலை 26 அவரு செத்தாரு, 1947ல அதே தேதியில திறந்தாங்க, ஏதோ பெரிய ரகசியம் வெடிக்கப்போகுதுன்னு ஆராய்ச்சிக்காரங்க கூடி உக்காந்திருந்தாங்க, உள்ள இருந்தது பெரும்பாலும் ஊர்க்காரங்க வேலை கேட்டும் யோசனை சொல்லியும் எழுதுன லெட்டருங்கதான். பாக்கெட் சாமான்களை ராபர்ட்டோட மக 1937ல அதே நூலகத்துக்குக் கொடுத்தாங்க. அதையும் உள்ளயே வச்சிருந்தாங்க, 1976 பிப்ரவரி 12, லிங்கன் பிறந்தநாள் அன்னிக்குத்தான் நூலகத் தலைவர் டேனியல் பூர்ஸ்டின் பெட்டியைத் திறந்தாரு. அந்த நூலகத்துல மக்கள் ஆசையாக் கேட்டுப் பாக்கற சாமான்கள்ல இப்ப இதுவும் ஒண்ணு.

வாஷிங்டன் பக்கம் புள்ளைங்க வீட்டுக்குப் போறவங்க இங்க நிறைய பேரு இருக்கீங்க, வாட்ச்சும் தொப்பியும் ஸ்மித்சோனியன்ல, அன்னிக்கு அவரு போட்டிருந்த கோட்டு ஃபோர்ட்ஸ் தியேட்டர் வசம். கோட்டு உள்துணியில கழுகு படம் போட்டு ஒரே நாடு, ஒரே தலைவிதின்னு எம்பிராய்டரி பண்ணியிருக்கும், அதுல துண்டு துண்டா வெட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க ஞாபகார்த்தம் கேட்டவங்க. சரி, கேள்வி இருந்தா கேளுங்க, மேரி கேஸைப் பத்தி யாராவது கேப்பீங்கன்னு நினைக்கறேன், அதுல சொல்ல இன்னும் நிறைய இருக்கு.